கோட்டை இல்லாத ரைன்

குமுளி மலையடிவாரத்தில் ஆண்டு முழுவதும் திராட்சை பழுக்கிறது. ஆறு இருக்கிறது, மலை இருக்கிறது, பயணிகளும் வருகிறார்கள். பெயரும் விலையும்தான் இன்னும் வந்து சேரவில்லை.

தேக்கடிப் படகில் யானையைப் பார்க்காமல் ஏமாந்த பயணிகளுக்காகக் குமுளி ஜீப் ஓட்டுநர்கள் ஒரு சமாதானம் வைத்திருக்கிறார்கள்: திராட்சைத் தோட்டம். கேரளத்தின் இடுக்கி மாவட்டம் முடியும் இடத்தில் சோதனைச் சாவடியைத் தாண்டினால், மலைப்பாதை வளைந்து வளைந்து தமிழ்நாட்டுக்குள் இறங்குகிறது. ஏலக்காய் வாசம் மெல்ல விலக, காற்று சூடேறுகிறது. மலைச் சரிவில் பிரம்மாண்டமான இரும்புக் குழாய்கள் பெரியாற்றின் தண்ணீரை லோயர் கேம்ப் மின் நிலையத்துக்கு இறக்குகின்றன. அதற்கும் கீழே, கூடலூரில் தொடங்கி கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வரை பச்சை ஜமுக்காளம் விரித்ததுபோலக் கம்பம் பள்ளத்தாக்கு.

சாலையோரத் தோட்டங்களில் கல்தூண்கள் மீது கம்பி இழுத்துப் பந்தல் போட்டிருக்கிறார்கள். தலைக்கு மேல் கருநீலக் கொத்துகள். உள்ளே நுழைந்தால் வெயிலுக்கு அனுமதி இல்லை. எர்ணாகுளத்துக் குடும்பங்கள் செல்ஃபோனை உயரத் தூக்கிப் படம் எடுக்கின்றன. புதுமணத் தம்பதிகள் ஒரு கொத்தை இருவரும் பிடித்தபடி நிற்கிறார்கள். வாசலில் பழரசம், ஜாம், உலர் திராட்சை விற்பனை. அரை மணி நேரத்தில் எல்லோரும் மீண்டும் மலையேறிவிடுகிறார்கள். இரவுத் தங்கலும் சாப்பாடும் மசாலாக் கடை வியாபாரமும் கேரளத்துக்கு. வெயிலும் திராட்சையும் தமிழ்நாட்டுக்கு.

ஐரோப்பாவிலிருந்து வரும் பயணிகளுக்கு ஆறு, பள்ளத்தாக்கு, திராட்சை ஆகியவற்றின் கூட்டணி புதிதல்ல. அங்கே இது ஒரு முழுநீளத் தொழில். ஜெர்மனியில் பிங்கனுக்கும் கோப்லென்ஸுக்கும் இடையே ரைன் நதி 65 கிலோமீட்டர் தூரம் குறுகலான மலையிடுக்கில் ஓடுகிறது. இரு கரையிலும் செங்குத்தான சரிவுகளில் திராட்சை; உச்சிகளில் சுமார் 40 கோட்டைகள். நடுவே 132 மீட்டர் உயரத்தில் லோரலாய் பாறை. பாறை மேல் உட்கார்ந்து பாடும் அழகியால் மதிமயங்கிப் படகோட்டிகள் மூழ்கினார்கள் என்பது கதை. யுனெஸ்கோ 2002-ல் இந்தப் பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. பிரான்சின் லுவார், ஆஸ்திரியாவின் வாஹவ், போர்ச்சுகலின் டோரோ என்று நதியும் திராட்சையும் சேர்ந்த பள்ளத்தாக்குகள் அதே பட்டியலில் வரிசையாக இருக்கின்றன. பயணி படகில் போகிறார், கோட்டையில் ஏறுகிறார், மாலையில் அந்தச் சரிவில் விளைந்த ஒயினை அந்த ஊர்ப் பெயர் பொறித்த பாட்டிலிலிருந்து குடிக்கிறார். ஊருக்குத் திரும்பிய பிறகும் கடையில் அதே பெயரைக் கேட்டு வாங்குகிறார். அவர் வாங்குவது பழச்சாற்றை மட்டும் அல்ல. அந்தப் பள்ளத்தாக்கையும் சேர்த்துத்தான்.

அந்தக் கோட்டைகளைப் பற்றி ஒரு ரகசியம் உண்டு. அவற்றில் பல, வீரத்துக்காகக் கட்டியவை அல்ல, வசூலுக்காகக் கட்டியவை. நதியில் போகும் சரக்குப் படகுகளை மறித்துச் சுங்கம் கேட்பதற்காகச் சிற்றரசர்களும் ஆயர்களும் எழுப்பினார்கள். காப் என்ற ஊருக்கு எதிரே ஆற்றின் நடுத்திட்டில் கப்பல் போல நிற்கும் கோட்டை 14-ஆம் நூற்றாண்டில் சுங்கத்துக்காகவே கட்டப்பட்டது. 1689-ல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் படைகள் பல கோட்டைகளைத் தகர்த்தன. 19-ஆம் நூற்றாண்டில் பிரஷ்ய இளவரசர்களுக்கு இடிபாடுகள் மீது காதல் வந்து சிலவற்றைப் புதுப்பித்தார்கள். ஆக, ரைன் நதிக்கரையில் இன்று டிக்கெட் வாங்கிப் பார்ப்பவற்றில் பல அந்தக் காலத்துச் சோதனைச் சாவடிகள். குமுளியிலும் சாவடி இருக்கிறது. யாரும் படம் எடுப்பதில்லை.

கம்பம் பள்ளத்தாக்குக்கு ஐரோப்பிய ஒயின் நாட்டோடு இருக்கும் உறவு வெறும் உவமை அல்ல. இங்கு விளைவதில் பெரும்பங்கு பன்னீர்த் திராட்சை. நூல்களில் இதன் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். தமிழ்நாட்டுக்கு 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட்ஷயர் பண்ணை ஒன்றின் தோட்டக்காரர் சீவர்ட் ஸ்னோ இந்த ரகத்தை 1850-ல்தான் உருவாக்கினார் என்கின்றன தோட்டக்கலை நூல்கள். 2003-ல் வெளியான மரபணு ஆய்வு இதன் பெற்றோரையும் உறுதி செய்தது: ஒன்று ஆல்ப்ஸ் மலைப் பகுதியின் கறுப்புத் திராட்சை, மற்றொன்று மணம் மிகுந்த அலெக்ஸாண்டிரியா மஸ்கட். குழந்தை பிறப்பதற்கு 18 ஆண்டுகள் முன்பே ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பாதிரியார் கொண்டுவந்தது வேறொரு மஸ்கட்டாக இருக்கலாம். பன்னீர் பின்னால் வந்திருக்கலாம். தாய்நாடு ஐரோப்பா என்பதில் மட்டும் சந்தேகமில்லை. பன்னீர் வாசனையை முகர்ந்து பெயர் வைத்தது தமிழ்நாடு.

இன்னொரு உறவு பந்தலுக்குக் கீழேயே, தெளிப்பானில் இருக்கிறது. மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் 100 லிட்டர். இதுதான் ஒரு சதவீத போர்டோ கலவை. மழைக்காலத்தில் இலையின் அடியில் வெண்மையாகப் படரும் அடிச்சாம்பல் நோய்க்கு இதை அடிக்காத விவசாயி இல்லை. போர்டோ என்பது பிரான்சின் புகழ்பெற்ற ஒயின் நகரம். அதன் அருகே மெடோக் பகுதியில், சாலையோரக் கொடிகளில் பழம் திருடுகிறவர்களைப் பயமுறுத்துவதற்காக விவசாயிகள் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து நீலமாகத் தெளித்து வைத்திருந்தார்கள். உள்ளே இருந்த கொடிகளெல்லாம் நோயில் இலை உதிர்க்க, சாலையோரக் கொடிகள் மட்டும் பச்சையாக நின்றதை 1882-ல் பேராசிரியர் மில்லார்தே கவனித்தார். 1885-ல் கலவையை அறிவித்தார். திருடனுக்குப் பூசிய வைத்தியம் திராட்சையைக் காப்பாற்றியது. அந்த நீல நிறம் இன்று ராயப்பன்பட்டியிலும் ஆனைமலையான்பட்டியிலும் சுருளிப்பட்டியிலும் விவசாயிகளின் சட்டைகளில் கறையாக இருக்கிறது. போர்டோ நகரத்தின் பெயர் இங்கே வந்துவிட்டது. அதன் விலைதான் வரவில்லை.

ஐரோப்பாவுக்கு இல்லாத ஒரு வரம் இந்தப் பள்ளத்தாக்குக்கு இருக்கிறது. குளிர்நாட்டுக் கொடி பனிக்காலம் முழுக்கத் தூங்கும். ஆண்டுக்கு ஒரே அறுவடைதான் தரும். இங்கே கொடிக்குத் தூக்கமே கிடையாது. கவாத்து செய்து ஏறக்குறைய நாலு மாதத்தில் பழம் தயார். ஆண்டுக்கு இரண்டு, மூன்று அறுவடை. ஒரு தோட்டத்தில் பூ, அடுத்ததில் காய், அதற்கடுத்ததில் பழம். மகாராஷ்டிரத்துத் திராட்சை கோடைக்கு முன் சில மாதங்களில் வந்து போய்விடும். கம்பத்தில் எந்த மாதம் போனாலும் ஏதோ ஒரு பந்தலில் அறுவடை நடக்கும். சின்னமனூரை அடுத்த ஓடைப்பட்டியில் மட்டும் விதையில்லாத் திராட்சை தனி ராஜ்ஜியம். சுமார் 4,000 சிறு விவசாயிகள், 90,000 டன்னுக்கு மேல் விளைச்சல், தமிழ்நாட்டின் திராட்சையில் சுமார் 85 சதவீதம். 2023-ல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது வெளியான கணக்கு இது.

வரமே சாபமாகவும் இருக்கிறது. பன்னீர்த் திராட்சைக்குத் தோல் மெல்லியது, சாறு அதிகம், ஆயுள் குறைவு. பறித்த சில நாட்களில் விற்றாக வேண்டும். கொடியிலேயே விட்டுவைத்தால் ஒரே மழையில் பழம் வெடித்துவிடும். இது விவசாயிக்குத் தெரியும். அது தெரியும் என்பது வியாபாரிக்கும் தெரியும். எனவே விலையைச் சொல்பவர் வியாபாரி. முகூர்த்த நாள், ரம்ஜான் நோன்பு, ஓணம் என்றால் விலை ஏறும். கேரளத்தில் மழை பிடித்துக்கொண்டால் அங்கே பழம் தின்ன ஆளில்லை. கம்பத்தில் விலை சரியும். திருவனந்தபுரத்து வானிலை அறிக்கையை அந்த ஊர்க்காரர்களைவிடக் கவனமாகக் கேட்பவர்கள் கூடலூர் விவசாயிகள்தான்.

கவாத்து ஆள் கூலி, அறுவடைப் பெண்களின் கூலி, உரம், மருந்து எல்லாம் ஏற்கனவே செலவழிந்த பணம். பந்தல் போட்டதே கடனில். விலை சரியும் வாரத்தில் பறிக்கும் கூலிகூடத் தேறாது என்று கொத்துகளைக் கொடியிலேயே விட்டுவிடுகிற காட்சியும் உண்டு. இந்த இடத்தில்தான் பல ஆண்டுகளாக ஒரு கோரிக்கை, தேர்தலுக்குத் தேர்தல், கட்சிக்குக் கட்சி கைமாறி வருகிறது: குளிர்பதனக் கிடங்கு வேண்டும், ஒயின் ஆலை வேண்டும்.

ஒயின் என்றதும் தமிழ்நாடு இரண்டு மனதாகிவிடுகிறது. 2003-லிருந்து மது சில்லறை விற்பனை முழுவதையும் டாஸ்மாக் கடைகள் மூலம் அரசே நடத்துகிறது. அதே அரசியல் மேடைகளில் மதுவிலக்கும் முழங்குகிறது. கள் 1987 முதல் தடை. உள்ளூர் மரத்தில் இறங்கும் கள்ளுக்குத் தடை, ஆலையில் காய்ச்சும் பிராந்திக்கு அரசு கவுன்ட்டர் என்ற விசித்திரத்தின் நடுவே திராட்சை ஒயின் எந்தப் பக்கம் உட்காருவது என்று யாரும் முடிவு செய்யவில்லை. இந்தப் பள்ளத்தாக்கின் பழத்தை நம்பித் தேனி மாவட்டத்தில் தனியார் ஒயின் ஆலை ஒன்று எழுந்தது. அதன் பாட்டில்கள் டாஸ்மாக் அலமாரிக்கும் போயின. ஆனால் டாஸ்மாக் கடை என்பது நின்று ருசி பார்க்கும் இடமல்ல. தேக்கடிக்கு வந்து திராட்சைப் பந்தலின் கீழ் ஒரு கோப்பையை நிதானமாகச் சுவைக்க நினைக்கும் பயணி, டாஸ்மாக் வரிசையில் நிற்க மாட்டார்.

வேடிக்கை என்னவென்றால், கம்பம் திராட்சை வெகு காலமாக ஒயினாகத்தான் ஆகிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் அல்ல, கேரளத்து வீடுகளில். கோட்டயத்திலும் இடுக்கியிலும் கிறிஸ்தவக் குடும்பங்களின் கிறிஸ்துமஸ், கேக்கும் ஒயினும் இல்லாமல் நடப்பதில்லை. கறுப்புத் திராட்சை, சர்க்கரை, கொஞ்சம் கோதுமை, ஈஸ்ட், பட்டை, கிராம்பு. எல்லாவற்றையும் பெரிய பீங்கான் ஜாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, தினம் ஒருமுறை மர அகப்பையால் கிளறுவார்கள். 21 நாள் கழித்து வடிகட்டி, மீண்டும் மூடி வைப்பார்கள். பாட்டியிடமிருந்து பேத்திக்குப் போகும் பக்குவம் இது. 2019 டிசம்பரில் கேரளக் கலால் துறை, வீட்டில் ஒயின் தயாரிப்பது அப்காரிச் சட்டப்படி குற்றம் என்று சுற்றறிக்கையில் எச்சரித்தபோது பல சமையலறைகளில் ஜாடிகள் திடுக்கிட்டன.

கேரளம் அதோடு நிற்கவில்லை. 2022-ல் பழங்களிலிருந்து ஒயின் தயாரிக்கும் சிறு ஆலைகளுக்கு உரிமம் தர விதிகளைக் கொண்டுவந்தது. வாழை, அன்னாசி, முந்திரிப் பழம் என்று வீணாகும் விளைச்சலுக்கு விலை தேடுவது நோக்கம். அங்குள்ள வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஒயினுக்கு வைத்த பெயர் 'நிளா'. நிளா என்பது பாரதப்புழையின் செல்லப் பெயர். ரைன், மோசல், லுவார், டோரோ என்று ஐரோப்பாவில் நதியின் பெயரே ஒயினின் பெயர். அந்த வழக்கத்தைத் தென்னிந்தியாவில் எடுத்துக்கொண்ட முதல் வரிசையில் பாலக்காட்டு நதி நிற்கிறது.

அந்த நதியின் ஊரில் உண்மையான கோட்டையும் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை சட்டென்று வழிவிடும் பாலக்காட்டுக் கணவாயைக் காவல் காக்க, 1766-ல் ஹைதர் அலி கட்டிய கோட்டை அது. அகழி, கனத்த கருங்கல் மதில்கள், உள்ளே ஒரு ஆஞ்சநேயர் கோயில். கைமாறிக் கைமாறி 1790-ல் நிரந்தரமாக ஆங்கிலேயர் வசமானது. பெயர் மட்டும் இன்னும் திப்பு கோட்டை. ரைன் நதிக் கோட்டைகளைப் போலவே இதுவும் வழியைக் காக்க எழுந்தது. மலபார் போகும் படைக்கும் சரக்கும் இந்தக் கணவாய் ஒரு முக்கிய வழி.

கோட்டையிலிருந்து கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிச் சித்தூர் தாலுகா. பேச்சில் பாதி தமிழ், கரிசல் மண், மழை குறைவு. ஆனைமலையில் பிறந்து பொள்ளாச்சி வழியே வரும் ஆழியாற்றுத் தண்ணீர்தான் ஆதாரம். பரம்பிக்குளம்-ஆழியாறு உடன்பாட்டின்படி தமிழ்நாடு இறக்கி விடும் பங்கு அது. சித்தூரின் விளைபொருள்களில் ஒன்று கள். தென்னந்தோப்புகளில் இறக்கி, உரிமம் பெற்ற வண்டிகளில் விடியலிலேயே மற்ற மாவட்டங்களின் கள்ளுக்கடைகளுக்குப் புறப்படுகிறது. கேரளக் கள்ளுக்கடையில் கள்ளோடு கப்பையும் மீன் கறியும் கிடைக்கும். வெளிநாட்டுப் பயணிகளுக்கான வழிகாட்டிப் புத்தகங்களில் அதற்கு இடம் உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம் அதே ரகத் தென்னை, அதே பாளை, அதே சாறு. ஆனால் இறக்கினால் வழக்கு. கோபாலபுரம், வேலந்தாவளம் சாவடிகளைத் தாண்டும் தமிழ்நாட்டு மோட்டார் சைக்கிள்களில் சில காய்கறி வாங்கப் போவதில்லை.

கம்பத்துக்கும் சித்தூருக்கும் உள்ள வேறுபாடு இதுதான். சித்தூரில் விளைவதை அந்த மாநிலம் தன்னுடைய பானம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. அதற்கு வாரியம் உண்டு, தொழிலாளர் சங்கம் உண்டு, விலை பேச ஆள் உண்டு. கம்பத்தில் விளைவது பழமாக இருக்கும்வரை பெருமை, புளித்தால் தர்மசங்கடம்.

சரி, ஒயின் ஆலைகள் வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா? மகாராஷ்டிரம் 2001-ல் தனி ஒயின் கொள்கை அறிவித்து, கலால் வரியில் சலுகை தந்து, நாசிக் அருகே வின்சூரில் ஒயின் பூங்கா அமைத்தது. கர்நாடகம் 2007-ல் பின்தொடர்ந்தது. இன்று நாசிக்கின் தோட்டங்களில் வார இறுதியில் மும்பைக் கார்கள் வரிசை கட்டுகின்றன. ஆனால் அதே நாசிக்கில் 2008-க்குப் பிறகு பொருளாதார மந்தத்தில் ஒயின் விற்பனை சரிந்தபோது, ஆலைகள் பழம் வாங்க மறுத்தன. ஒயினுக்கென்று பயிரிட்ட ரகம் தின்பதற்கு உதவாது. சந்தையில் கொட்டவும் வழியில்லை. பல விவசாயிகள் கொடிகளை வேரோடு பிடுங்கினார்கள். பன்னீர்த் திராட்சையில் அந்த ஆபத்து குறைவு. ஆலை வாங்காவிட்டால் தள்ளுவண்டி வாங்கும்.

அதே நேரம் பன்னீருக்கு ஒரு குறையும் உண்டு. இது அடிப்படையில் தின்னும் பழம். மணத்தில் குறைவில்லை, சில நாடுகளில் இதிலிருந்து இனிப்பு ஒயினும் செய்கிறார்கள். ஆனால் நல்ல ஒயினின் இலக்கணம் வேறு. அங்கே கொடியில் பழத்தைக் குறைக்கிறார்கள். குறைந்த பழத்தில் சர்க்கரையும் சாரமும் கூடும் என்பது கணக்கு. கம்பத்து விவசாயியின் கணக்கு நேர் எதிர்: எடைக்குத்தான் காசு. கொத்தைக் குறை, இன்னும் பத்து நாள் பொறு, மழைக்கு அஞ்சாதே என்று அவரிடம் சொல்ல வேண்டுமானால், குறைந்த எடைக்குக் கூடுதல் விலை தருவேன் என்று எழுத்தில் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் இல்லாதவரை ஒயின் ஆலை என்பது மிச்சப் பழத்தை மலிவாக வாங்கும் இன்னொரு வியாபாரியாகத்தான் இருக்கும். ஆனைமலையான்பட்டியில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ரகமும் நோயும் அங்கே ஆராயலாம். விலையை ஆராயும் நிலையம்தான் எங்கும் இல்லை.

ஐரோப்பியப் பள்ளத்தாக்குகளிடம் கற்க வேண்டிய பாடம் பாட்டிலில் இல்லை, எல்லைக் கல்லில் இருக்கிறது. போர்ச்சுகலின் டோரோ நதிக்கரையில் 18-ஆம் நூற்றாண்டில் போர்ட் ஒயினுக்கு இங்கிலாந்தில் கிராக்கி ஏறியபோது கலப்படம் புகுந்தது. வெளியூர்ச் சாற்றைக் கலந்தார்கள். நிறத்துக்கு எல்டர் மரத்தின் கறுப்புப் பழங்களைப் பிழிந்தார்கள். பெயர் கெட்டு விலை விழுந்தது. 1756-ல் பிரதமர் பொம்பால் எந்தெந்த நிலத்தில் விளைந்தது மட்டும் அந்தப் பெயருக்கு உரியது என்று வரையறுத்து, கருங்கல் தூண்கள் நட்டு எல்லை குறித்தார். எல்டர் மரங்களை வெட்டச் சொன்னார். அந்தக் கல்தூண்களில் பல இன்றும் நிற்கின்றன. பயணிகள் அவற்றைத் தேடிப்போய்ப் பார்க்கிறார்கள்.

புவிசார் குறியீடு அந்தக் கல்தூணின் பேரக் குழந்தைதான். 2023-ல் அது கம்பத்துக்கும் கிடைத்துவிட்டது. ஆனால் கோயம்பேட்டிலோ எர்ணாகுளத்திலோ பழக்கடையில் போய்க் கேட்டால் அது 'கறுப்புத் திராட்சை'. பெட்டியில் பெயர் இல்லை, ஊர் இல்லை, விளைந்த தேதி இல்லை. மற்ற ஊர்ப் பழத்தோடு கலந்து கொட்டினால் கேட்பாரில்லை. சான்றிதழ் சட்டத்தின் ஏட்டில் இருக்கிறது. தராசுத் தட்டில் ஏறவில்லை. திருநெல்வேலி அல்வா என்றால் நாலு காசு கூடக் கொடுக்கும் தமிழர்கள், கம்பம் பன்னீர் என்று கேட்டு வாங்கத் தொடங்கினால் ஒயின் ஆலைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பெட்டிக்கு ஒரு சீட்டு, சீட்டில் ஊர்ப் பெயர், தோட்டத்து வாசலில் சுத்தமான பழரசம், பந்தல் ஓரத்தில் பயணி ஒரு இரவு தங்க அறை. இவற்றுக்கு எந்த மதுக் கொள்கையும் தேவையில்லை. 2023 ஜூனிலிருந்து போடிநாயக்கனூர்வரை ரயில் வருகிறது. குமுளியைச் சுற்றாமலே பள்ளத்தாக்குக்கு வந்து சேரலாம்.

ஆனால் எல்லாக் கணக்குக்கும் அடியில் தண்ணீர் ஓடுகிறது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் மகாராஜாவும் ஆங்கில அரசும் செய்துகொண்ட ஒப்பந்தம் 8,000 ஏக்கரை 999 ஆண்டுக் குத்தகைக்குத் தந்தது. 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணை, மேற்கே அரபிக் கடலுக்குப் போன பெரியாற்றை ஒரு மைலுக்கு மேல் நீளும் சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பியது. பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல் அந்தத் தண்ணீரின் பாசனம். திராட்சைக் கிணறுகள் ஊறுவதும் அந்த ஆற்றின் புண்ணியத்தில்தான். பென்னிகுயிக் படத்தைப் பூஜை அறையில் வைத்திருக்கும் வீடுகள் இங்கே உண்டு. ரைன் கரையில் நதியை மறித்துச் சுங்கம் வாங்கினார்கள். இங்கே நதியையே மறித்து ஒரு பள்ளத்தாக்கை உண்டாக்கினார்கள்.

2011-ன் கடைசி வாரங்களில் அணையின் பாதுகாப்பு பற்றிய சர்ச்சை தெருவுக்கு வந்தபோது குமுளி எல்லை அடைபட்டது. ஏலத்தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்கள் மலையிறங்கி ஓடிவந்தார்கள். கம்பத்திலிருந்து காய்கறியும் பழமும் ஏறவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள் அவை. கேரளத்து ஜாடிகள் திராட்சையைத் தேடும் காலம். உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று 142 அடிவரை தண்ணீர் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. வழக்கு முடிந்தாலும் அச்சமும் கோபமும் மழைக்கு மழை தலைகாட்டுகின்றன. மேலே இருப்பவர்களுக்கு அணை உடையுமோ என்ற பயம். கீழே இருப்பவர்களுக்குத் தண்ணீர் நின்றுவிடுமோ என்ற பயம். இரண்டு பயங்களுக்கும் நடுவே தினமும் லாரிகள் திராட்சை ஏற்றிக்கொண்டு மலையேறுகின்றன.

பள்ளத்தாக்கின் தலைமாட்டில், இரு மாநிலங்களின் எல்லையில், மங்கலதேவி மலை நிற்கிறது. உச்சியில் சிதைந்த கருங்கல் கோயில். மதுரையை எரித்த கண்ணகி இங்கே வந்து சேர்ந்தாள் என்பது நம்பிக்கை. சேரன் செங்குட்டுவன் எடுத்த கோயில் என்பது மரபு. புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் ஆண்டில் ஒரு நாள், சித்ரா பௌர்ணமிக்கு மட்டும் திறக்கிறார்கள். இடுக்கி, தேனி மாவட்ட நிர்வாகங்கள் முன்கூட்டியே கூடிப் பேசி ஏற்பாடு செய்கின்றன. கேரளப் பக்தர்கள் குமுளியிலிருந்து ஜீப்பில் வருகிறார்கள்; தமிழ்நாட்டுப் பக்தர்கள் பலர் பளியன்குடி வழியாக நடந்தே ஏறுகிறார்கள். ஒரே நாளில் ஒரே வளாகத்தில் தமிழ் முறையிலும் மலையாள முறையிலும் பூஜை நடக்கிறது.

அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் பெரியாற்றுக் காடு, மறுபக்கம் வெகு தூரம்வரை கம்பம் பள்ளத்தாக்கு. நெல் ஒரு பச்சை, தென்னை ஒரு பச்சை, திராட்சைப் பந்தல் இன்னொரு பச்சை. ரைன் நதிக்கரையில் இப்படியொரு உச்சி இருந்தால் அடிவாரத்தில் பத்து விடுதிகள், படகுத் துறை, ஊர்ப் பெயரில் ஒரு பாட்டில் என்று எல்லாம் வந்திருக்கும். அங்கேயும் உழைப்பு கட்டுப்படியாகாமல் செங்குத்துச் சரிவுத் தோட்டங்கள் கைவிடப்பட்டு வருகின்றன. கோட்டைகள் நிற்கின்றன, கொடிகள் குறைகின்றன. காட்சியை மட்டும் விற்றால் கொடி பிழைக்காது என்பதற்கு அதுவே சாட்சி.

கம்பத்தில் நிலைமை தலைகீழ். கொடி செழித்து நிற்கிறது, அதை வளர்ப்பவர் கையில்தான் விலை இல்லை. அடுத்தமுறை கடையில் கறுப்புத் திராட்சை வாங்கும்போது எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்பவர்கள் பெருகினால், சொல்வதற்காகவாவது பெட்டியில் பெயர் எழுத வேண்டிவரும்.